லா-5எஃப்என் 1/48: ரிவெட் சக்கரமா, காக்பிட் செட்டா, எதை முதலில் வாங்குவது?

பெரம்பூர் கார்த்திக்:

வணக்கம் நண்பர்களே.

ஸ்வெஸ்தா நிறுவனத்தின் 1/48 அளவு லா-5எஃப்என் போர்விமான மாடல் கிட் கைக்கு வந்துவிட்டது. இதுவரை நான் கட்டியதெல்லாம் ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், மெஸ்ஸர்ஷ்மிட் 109 வகையறாதான். சோவியத் விமானம் இதுதான் முதல். சோவியத் போர்விமானி இவான் கோஜெதூப் 1944-இல் ஓட்டிய வெள்ளை 14-ஆக, அதாவது வெள்ளையில் 14 என்று எண் எழுதிய விமானமாகச் செய்ய ஆசை. கூட்டுப்பண்ணை விவசாயி ஒருவர் தன் சேமிப்பைக் கொடுத்து வாங்கித் தந்த விமானம் அது. இரண்டு பக்கமும் நீளமாக ரஷ்ய எழுத்து வரும். அதற்கான டெக்கால் (ஒட்டும் எழுத்துத் தாள்) தனியாக வாங்கிவிட்டேன்.

மேற்கொண்டு செலவழிக்கக் கையில் அதிகம் இல்லை. மூன்று யோசனை இருக்கிறது. ஒன்று, ரிவெட் சக்கரம் (ரிவெட் புள்ளிகளை வரிசையாகப் பதிக்கும் பல் சக்கரம்) வாங்கி இறக்கை, உடல் முழுக்க ரிவெட் ஓட்டி, தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடுகளை ஆழப்படுத்தி, அவற்றில் கறுப்பு வாஷ் (நீர்த்த பெயின்ட்) கொடுப்பது. இறக்கை முனைகளில் பெயின்ட் உதிர்ந்த மாதிரி வெள்ளி பெயின்டில் சிப்பிங். மஸ்டாங்கில் இப்படித்தான் செய்தேன், நன்றாக வந்தது. இரண்டு, ரெசின் காக்பிட் செட். மூன்று, ரெசின் இன்ஜின்.

இதில் எது முதலில்? நிறத்திலும் குழப்பம் இருக்கிறது. சில படங்களில் சாம்பலாகவும் சிலவற்றில் நீலமாகவும் தெரிகிறது. அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கோவை மாணிக்கம்:

தம்பி, ரிவெட் சக்கரம் வேண்டாம். லா-5எஃப்என் மர விமானம். அதன் இறக்கைத் தோலிலும் பின்னுடலிலும் ரிவெட் வரிசையே கிடையாது.

நான் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் செய்கிறவன். மரத்தை இழைப்பது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போடுவது, மறுபடி பட்டி பார்ப்பது, இதுதான் என் பிழைப்பு. அதனால் லாவோச்கின், யாக் விமானங்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அவற்றைத் தகர விமானம் மாதிரி கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் மனசு கேட்காது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

லாவோச்கின், கோர்புனோவ், குட்கோவ் மூவரும் சேர்ந்து லாக்-3-ஐ வடிவமைத்தபோதே, அலுமினியத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. அதனால் மரத்தில் செய்தார்கள். பலம் அதிகம் தேவைப்பட்ட இடங்களுக்கு, பிர்ச் மரத்தின் மெல்லிய தகடுகளைப் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்த டெல்டா மரம். அந்த விமானத்தின் மூக்கில் எம்-82 என்ற 14 சிலிண்டர் காற்றுக் குளிர்ப்பு இன்ஜினை ஏற்றியதும் 1942-இல் லா-5 பிறந்தது. எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின் வந்ததும் அது லா-5எஃப்என் ஆயிற்று. இன்ஜின் மாறியதே தவிர, பின்னால் இருக்கிற உடம்பு மரம்தான்.

அந்த மரத்தின் மேல் என்ன இருந்தது என்று பார். ப்ளைவுட் தோலின் மேல் மெல்லிய துணியை ஒட்டி, அதன் மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்தார்கள். பலகையும் பலகையும் சேரும் இடம் வெளியே தெரியாது. நல்ல பேட்டர்னில் ஒட்டு எங்கே என்று விரலால் தடவினாலும் கண்டுபிடிக்க முடியாது, அப்படி.

கிட்டில் பொறித்திருக்கும் ஒரு கோட்டை 0.15 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள். 48-ஆல் பெருக்கினால் நிஜ விமானத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேல் வாயைப் பிளந்த இடுக்கு. உலோக விமானத்திலேயே அது அதிகம். மர இறக்கையில் அதை இன்னும் ஆழப்படுத்திக் கறுப்பு வேறு ஊற்றினால் என்ன ஆகும், நீயே யோசி.

ஆகவே கத்தியைத் தொடுவதற்கு முன்னால் இறக்கையையும் உடலையும் மேசையில் வைத்து, எந்தக் கோடு நிஜம் என்று பென்சிலால் குறித்துக்கொள். இருக்க வேண்டியவை: இறக்கையின் முன்விளிம்பில் வரும் ஸ்லாட், ஃப்ளாப், எய்லரான், பெட்ரோல் ஊற்றும் மூடிகள், ஆய்வு மூடிகள், நடு இறக்கையும் வெளி இறக்கையும் சேரும் இணைப்பு. உடலில் காக்பிட்டுக்கு முன்னால் வரும் இன்ஜின் மூடிகள் எல்லாம் உலோகம். அங்கே கோடு, திருகு, பூட்டு எல்லாம் கூர்மையாகவே இருக்கட்டும். காக்பிட்டுக்குப் பின்னால் வால் வரை ஆய்வு மூடிகளைத் தவிர வேறு கோடு வேண்டாம். பழைய கிட்களில் இந்த இடத்தில் குறுக்கே கோடு போட்டிருப்பார்கள். உன் கிட்டில் அப்படி ஏதாவது இருந்தால் அடைத்துவிடு.

அடைக்க நான் சூப்பர் குளூவும் டால்கம் பவுடரும் கலந்து வைப்பேன். கலவை தயிர் பதத்தில் இருக்க வேண்டும். ஊசி முனையால் கோட்டுக்குள் இழுத்துவிட்டு, முழுசாக இறுகிக் கல்லாவதற்குள் 400 நம்பர் தாள், அப்புறம் 800, அப்புறம் 1500. தாளைக் கையில் பிடிக்காமல் ஒரு சின்னக் கட்டையில் சுற்றித் தேய். விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். ப்ரைமர் அடித்த பிறகு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்துப் பார்த்தால், மிச்சம் இருக்கிற கோடு நிழலாகக் காட்டிக்கொடுக்கும்.

சுக்கான், எலிவேட்டர், எய்லரான் மூன்றும் துணி போர்த்தியவை. கிட்களில் விலா எலும்பு தெரிகிற மாதிரி துணி தொய்ந்து கிடக்கும். நிஜத்தில் டோப் என்ற விறைப்பு வார்னிஷ் பூசிய துணி முரசுத் தோலைப் போல விறைப்பாக நிற்கும். 1000 நம்பர் தாளால் அந்த மேடுகளின் தலையை லேசாகத் தட்டிவிடு. விலா இருக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளி சிப்பிங்கும் அதே கதைதான். மர இறக்கையில் பெயின்ட் தேய்ந்தால் உள்ளே பட்டியும் துணியும் மரமும்தான் தெரியும். விமானி ஏறி மிதிக்கும் இடத்தில், பழுப்பும் மங்கிய மஞ்சளும் கலந்த வண்ணப் பென்சிலால் அங்கங்கே தேய்த்து, மேலே கொஞ்சம் புழுதி போடு. வெள்ளியை இன்ஜின் மூடியின் விளிம்பிலும், மெக்கானிக் தினமும் திறந்து மூடும் பூட்டுகளைச் சுற்றியும் மட்டும் வை. அப்படி வைத்தால் எது தகரம், எது மரம் என்று விமானமே சொல்லும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ரெசின் இன்ஜினும் இப்போது வேண்டாம். ஸ்வெஸ்தா கிட்டிலேயே முழு இன்ஜின் இருக்கிறது. மூடியை மூடி வைக்கப் போகிறாய் என்றால், முன்வாயில் காற்றைக் கட்டுப்படுத்தும் தகட்டு வரிசை பெரும்பகுதியை மறைத்துவிடும். மூடியைத் திறந்து வைக்கப் போகிறாய் என்றால் கிட் இன்ஜினிலேயே வயர் இழு. ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், மொத்தம் 28 வயர். பழைய இயர்ஃபோன் கம்பியைப் பிரித்தால் உள்ளே மயிரிழை மாதிரி செம்பு கிடைக்கும். அது போதும்.

காசு இருந்தால் காக்பிட்டுக்குப் போ. அதைப் பற்றி வானதி என்னைவிட நன்றாகச் சொல்வார்.

வானதி:

மாணிக்கம் அண்ணா கூப்பிட்ட பிறகு வராமல் இருக்க முடியுமா!

கார்த்திக், முதலில் காக்பிட்டின் கண்ணாடிக் கூண்டைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்று முடிவு செய்யுங்கள். லா-5-இன் காக்பிட்டில் இன்ஜின் சூடு வந்து அடிக்கும், புகையும் உள்ளே நுழையும். அதனால் விமானிகள் பலர் கூண்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டே பறந்தார்கள். ஆக, திறந்து வைப்பது பொருத்தம்தான். திறந்தால் உள்ளே எல்லாம் தெரியும். மூடினால் கருவிப் பலகையும் இருக்கையின் மேல் பாதியும் தவிர ஒன்றும் தெரியாது. அதற்கு ரெசின் செட் வாங்குவது வீண்.

திறந்து வைத்தாலும் முழு ரெசின் செட் தேவையா என்று கேட்டால், நான் இல்லை என்பேன். வண்ணம் அச்சிட்ட எட்ச் தகட்டில் (அரித்து வெட்டிய மெல்லிய உலோகத் தகடு) கருவிப் பலகையும் பெல்ட்டும் வரும் சின்ன செட் போதும். மீதியைக் கையாலேயே செய்யலாம்.

இருக்கைக்கு வருகிறேன். சோவியத் விமானிகள் பாராசூட்டையே மெத்தையாக வைத்து அதன் மேல் உட்கார்ந்தார்கள். அதனால் தரையில் நிற்கும் விமானத்தில் இருக்கை வெறும் தகரக் கிண்ணம்தான். அதில் மெத்தை வைக்க வேண்டாம். பெல்ட் நிஜத்தில் நாலரை சென்டிமீட்டர் அகலம் என்று வைத்தால் 1/48-இல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மாத்திரை அட்டையின் பின்பக்க அலுமினியத் தாளை ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் புது பிளேடால் சீவினால் அழகாக வரும். மங்கிய காக்கியோ வெளிர் பழுப்போ அடித்து, இருக்கையின் விளிம்பில் மடங்கித் தொங்குகிற மாதிரி டூத்பிக்கால் அழுத்திவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தொங்க வேண்டாம். இறங்கிப் போனவர் ஒன்றை வெளியே போட்டிருப்பார், ஒன்று உள்ளே விழுந்திருக்கும்.

பக்கச் சுவர்களில் குழாய்களுக்கு 0.2 மில்லிமீட்டர் செம்புக் கம்பி. 48-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் குழாய், சரியாக இருக்கும். 0.5 கம்பி போட்டால் வீட்டுத் தண்ணீர்க் குழாய் அளவுக்குப் போய்விடும். கட்டுப்பாட்டுத் தண்டின் பிடியில் பிரேக் நெம்புகோல் உண்டு, அதிலிருந்து ஒரு கம்பி தண்டோடு சேர்ந்து கீழே இறங்கட்டும். பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்தது. அந்த ஒரே கம்பி காக்பிட்டுக்கு எவ்வளவு உயிர் கொடுக்கிறது என்று பாருங்கள். உள்நிறத்துக்கு நடுத்தர சாம்பல், கருவிப் பலகைக்குக் கறுப்பு. சுத்தக் கறுப்பாக அடிக்காமல் ஒரு துளி சாம்பல் கலந்தால் ஆழம் தெரியும். ஒவ்வொரு டயலுக்குள்ளும் ஒரு சொட்டு கிளாஸ் வார்னிஷ், அதுவே கண்ணாடி.

தலைக்குப் பின்னால் குண்டு துளைக்காத கண்ணாடி வரும். அதன் விளிம்பில் மட்டும் மெல்லிய பச்சை வாட்டர்கலர் மார்க்கரால் ஒரு கோடு இழுத்தால் தடித்த கண்ணாடி என்பது தெரியும்.

இந்தக் கம்பி வேலை எனக்குப் பிடித்துப்போனதே ஐ-16 என்ற இன்னொரு சோவியத் போர்விமானத்தைக் கட்டியபோதுதான். அதில் சக்கரத்தை உள்ளே இழுக்க மோட்டார், ஹைட்ராலிக் எதுவும் கிடையாது. விமானி கையால் ஒரு கைப்பிடியை 44 சுற்று சுற்ற வேண்டும். கேபிள் இழுத்து சக்கரம் மேலே போகும். எட்வர்டின் 1/48 ஐ-16-இல் சக்கரக் குழிக்குள் இரண்டு மெல்லிய நூல் கேபிள்களைக் கட்டினேன். திருப்பிப் பார்க்கிற எல்லோரும் அது என்ன என்று கேட்கிறார்கள். அந்த 44 சுற்றைச் சொல்லாமல் விடமாட்டேன். ஐ-16-இலும் மாணிக்கம் அண்ணா சொன்ன கணக்கு பொருந்தும். உடல் பிர்ச் தகடு ஒட்டிய மரம், இறக்கையின் பெரும்பகுதி துணி. ஆனால் இறக்கையின் முன்விளிம்பு உலோகத் தகடு, அங்கே மட்டும் தேய்ந்த வெள்ளி போடலாம்.

ரஃபீக்:

மாணிக்கம் சார் சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி. 20 சென்டிமீட்டர் இறக்கையில் ஒரு கோடும் இல்லாமல் விட்டால் பார்க்க மொட்டையாக இருக்காதா? ஷோவில் மேசை மேல் வைத்தால் பொம்மை மாதிரி தெரியும். கோடும் வாஷும் கண்ணுக்குப் பிடிமானம் கொடுக்கின்றன. நான் ஐசிஎம் யாக்-9-ஐ முழுக்கக் கோடு ஆழப்படுத்தித்தான் கட்டினேன், எல்லோரும் பாராட்டினார்கள். நிஜ அளவை அப்படியே சின்னதாக்கினால் மட்டும் மாடல் ஆகிவிடாது, கொஞ்சம் மிகைப்படுத்த வேண்டும் என்பது என் கட்சி.

கோவை மாணிக்கம்:

ரஃபீக் தம்பி, கேட்டது நல்ல கேள்வி. மொட்டையாகத் தெரியும் என்கிற பயம் எல்லோருக்கும் வரும். மிகைப்படுத்தலுக்கு நான் எதிரி இல்லை. எதை மிகைப்படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

யாக்கையே எடுத்துக்கொள்வோம், அது லா-5-ஐவிட சுவாரசியம். யாக்-9-இன் உடல் எஃகுக் குழாய்களை வெல்டு செய்த கூண்டு. முன்பாதியில் கழற்றக்கூடிய உலோக மூடிகள். பின்பாதியில் நீளவாட்டில் மரச் சட்டங்கள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய துணி. இறக்கைக்குள் சட்டம் உலோகம் கலந்தது, மேல் தோல் ப்ளைவுட். ஆக ஒரே விமானத்தில் மூன்று விதப் பரப்பு. தகரம் ஒரு மாதிரி ஒளியைத் திருப்பும். துணி இன்னொரு மாதிரி, நீள மேடுகளின் ஓரத்தில் மெல்லிய நிழல் விழும். ப்ளைவுட் ஒரே சமமாக நிற்கும். யாக்-3-க்கு வந்தால் பின்னுடலில் துணிக்குப் பதில் ப்ளைவுட் தோல் வந்துவிட்டது, அங்கே நீள மேடு தெரியக்கூடாது. யாக்-9 கட்டிய கையோடு யாக்-3 கட்டுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

மிக்-3-இல் இதே பிரிவு வேறு இடத்தில் வரும். முன்னுடலும் நடு இறக்கையும் உலோகத் தோல், பின்னுடலும் வெளி இறக்கையும் மரம். இறக்கையின் நடுவில் ஒரு இடத்தில் தகரம் முடிந்து மரம் தொடங்கும். அந்த எல்லையைக் காட்டினால் எந்தப் பேனல் கோடும் கொடுக்காத பிடிமானம் கண்ணுக்குக் கிடைக்கும்.

அதை எப்படிக் காட்டுவது? உலோகப் பகுதிக்கு சாட்டின் வார்னிஷ், மரத்துக்கும் துணிக்கும் மேட். வித்தியாசம் சொல்லித்தான் தெரிய வேண்டும், ஆனால் கண் தானாகவே உணர்ந்துவிடும். இறக்கையில் நிறத்தையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்று. அடிப்படை நிறத்தில் இரண்டு சொட்டு வெள்ளை கலந்து, ஏர்பிரஷை மெல்லத் திறந்து மேகம் மாதிரி அங்கங்கே விடு. இன்ஜின் எண்ணெய், புகைக்குழாய்க் கரி, சக்கரம் அடித்த சேறு, மெக்கானிக்கின் பூட்ஸ் புழுதி என்று இவ்வளவு இருக்கும்போது இறக்கை எப்படி மொட்டையாகும்? அவற்றை மிகைப்படுத்து, நானும் கை தட்டுவேன்.

இன்னொன்று. 1943-இல் லா-5 ஒன்றை த்ஸாகி என்ற சோவியத் விமான ஆய்வகத்தில் முழு அளவுக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, எந்த இடுக்கில் எவ்வளவு வேகம் வீணாகிறது என்று அளந்தார்கள். இடுக்குகளை அடைத்து, எண்ணெய்க் குளிர்விப்பானை மூக்கின் அடியிலிருந்து பின்னுக்குத் தள்ளினார்கள். அந்த வேலையின் பலனாகத்தான் லா-7 வந்தது. ஒவ்வொரு இடுக்கையும் அடைக்கப் பொறியாளர்கள் அவ்வளவு பாடுபட்ட விமானத்தில் நாம் ஊசி வைத்து இடுக்கைத் தோண்டுவதற்கு எனக்குக் கை வரவில்லை. கோஜெதூப்பின் லா-7, எண் 27, மோனினோ விமானப்படை அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. கிட்டத்தில் எடுத்த படங்களை இணையத்தில் தேடிப் பின்னுடலை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். நிறத்துக்கு அதை நம்ப வேண்டாம், அருங்காட்சியக விமானங்களுக்கு மறுபெயின்ட் அடிப்பது வழக்கம். பரப்புக்கு நம்பலாம்.

செந்தில்வேல்:

நிறம் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன்.

1943 ஜூலை உத்தரவுக்குப் பிறகு போர்விமானங்களுக்கு மேலே ஏஎம்டி-11, ஏஎம்டி-12 என்று இரண்டு நிறம், கீழே ஏஎம்டி-7 வெளிர்நீலம். அதற்கு முன் மேலே பச்சையும் கறுப்பும்: ஏஎம்டி-4, ஏஎம்டி-6. வெள்ளை 14 என்பது 1944 என்பதால் உங்களுக்கு 11-உம் 12-உம்தான். ஏஎம்டி-11 நீலம் கலந்த சாம்பல், ஏஎம்டி-12 அடர் சாம்பல். நீங்கள் பார்த்த நீலமும் சாம்பலும் இரண்டுமே இதே பெயின்ட்டைத்தான் காட்ட முயன்றிருக்கின்றன. நீலம் கொஞ்சம் தெரிய வேண்டும், ஆனால் தூரத்தில் வைத்துப் பார்த்தால் சாம்பல் என்றுதான் சொல்லத் தோன்ற வேண்டும். ஏகே ரியல் கலர்ஸ், எம்ஆர்பி இரண்டிலும் இந்த எண்களிலேயே புட்டி கிடைக்கிறது. கலக்கித் தலையைப் பிய்த்துக்கொள்வதைவிட அதை வாங்கிவிடுங்கள்.

இரண்டு நிறமும் சேரும் விளிம்பு லேசாகக் கலங்கியிருக்க வேண்டும், ஆனால் புகை மாதிரி அகலமாகக் கூடாது. 1/48-இல் ஒரு மில்லிமீட்டர் கலங்கல் என்றால் நிஜத்தில் ஐந்து சென்டிமீட்டர். மாஸ்கிங் புட்டியைப் புழு மாதிரி உருட்டி ஓரத்தில் வைத்து, ஏர்பிரஷை நேர்மேலிருந்து அடித்தால் அந்த அளவு வரும்.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை நேரத்தில் லாக்கர் அடித்தால் ஈரம் ஏறி வெள்ளையாகப் பூத்துவிடும். ரிடார்டர் கலந்த லெவலிங் தின்னர் போடுங்கள், அல்லது வெயில் அடிக்கும் நாளுக்குக் காத்திருங்கள்.

நட்சத்திரம் 1944-க்கு வெள்ளைக் கரையும் அதற்கு வெளியே மெல்லிய சிவப்புக் கரையும் வைத்தது. கையில் இருக்கும் டெக்காலில் சிவப்பு எவ்வளவு ஆரஞ்சாக இருக்கிறது என்று பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் நட்சத்திரத்தை மட்டும் மாஸ்க் வைத்து அடித்துவிட்டு, எழுத்துக்கு டெக்காலை வையுங்கள்.

பெரம்பூர் கார்த்திக்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ரிவெட் சக்கரம் பட்டியலிலிருந்து போய்விட்டது! எட்ச் செட் மட்டும் ஆர்டர் போட்டேன். பென்சிலால் குறித்துப் பார்த்தேன். மாணிக்கம் அண்ணா, முன்மூடிகளையும் கட்டுப்பாட்டுப் பரப்புகளையும் விட்டால் தொட வேண்டியது உண்மையிலேயே ரொம்பக் குறைவு.

இன்னும் மூன்று சந்தேகம். புகைக்குழாய்களைத் துளையிட வேண்டுமா? வேகம் அளக்க இறக்கையில் நீட்டிக்கொண்டு நிற்கும் பிட்டோ குழாய் பிளாஸ்டிக்கில் தடியாக இருக்கிறது, என்ன செய்வது? ஆண்டெனா கம்பிக்கு எதைப் போடுவது?

கோவை மாணிக்கம்:

புகைக்குழாய் கட்டாயம் துளை. லா-5-க்கும் எஃப்என்-க்கும் வெளியிலிருந்து பார்த்தவுடன் தெரியும் வித்தியாசங்களில் அது ஒன்று. முந்தையதில் பக்கத்துக்கு ஒரே திரட்டுக் குழாய், எஃப்என்-இல் தனித்தனிக் குழாய்கள் வரிசையாக வரும். இன்னொரு வித்தியாசம் மேலே, காற்று உறிஞ்சும் நீளமான திமில். எஃப்என்-இல் அது மூடியின் முன்னோரம் வரை வந்துவிடும். குழாய்கள் தனித்தனியாக வாய் திறந்து நின்றால்தான் எஃப்என்-இன் முகம் வரும். முதலில் ஊசியால் நடுவில் ஒரு புள்ளி குத்து. அப்புறம் 0.5 பிட்டைக் கைப்பிடியில் மாட்டி விரலால் மெதுவாகச் சுழற்று. மெஷின் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிவிடும். துளை ஆழமாக வேண்டியதில்லை, இருட்டாகத் தெரிந்தால் போதும். ஓரத்தை பிளேடு முனையால் உள்ளிருந்து சுரண்டி மெலிதாக்கு. குழாய்க்கு அடர் பழுப்பு, மேலே துருநிறப் பவுடர். அதற்குப் பின்னால் உடலில் கரி படிவது மூடியோடு நிற்காமல் காக்பிட் தாண்டி மெலிந்துகொண்டே போகட்டும்.

பிட்டோவுக்கு மருந்துக்கடையில் இரண்டு ஊசி வாங்கு. 23 கேஜ் ஒன்று, 30 கேஜ் இன்சுலின் ஊசி ஒன்று. 23-இன் உள்விட்டம் 0.34 மில்லிமீட்டருக்குப் பக்கம், 30-இன் வெளிவிட்டம் 0.31. ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக நுழையும். சின்னது கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கட்டும். ஊசியைக் கட்டிங் பிளேயரால் வெட்டாதே, வாய் நசுங்கிவிடும். ஒரு கட்டையில் வைத்து, மெல்லிய முக்கோண அரத்தால் சுற்றிலும் கீறி ஒடித்து எடு. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள், துண்டு எங்கே தெறிக்கும் என்று தெரியாது. ஒடித்த முனையை எமரித் தாளில் நேராக நிறுத்தித் தேய்த்தால் வட்டம் சுத்தமாகும். பெயின்ட் அடிக்கும் வரை இதை ஒட்டாதே. இறக்கையில் துளை மட்டும் போட்டு வை. ஒட்டிவிட்டால் மாஸ்கிங் டேப் உரிக்கும்போது கையில் குத்தும், இல்லாவிட்டால் வளைந்துபோகும்.

ஆண்டெனாவுக்கு இழுபடும் லைக்ரா நூல் நல்லது. நைலான் மீன்பிடி நரம்பு வெயிலில் தொய்யும், உடையும்போது ஆண்டெனா போஸ்டையும் இழுத்துக்கொண்டு போகும். லைக்ரா கைபட்டாலும் திரும்ப விறைத்துக்கொள்ளும். முதலில் வால் முனையில் ஒரு புள்ளி சூப்பர் குளூ வைத்து ஒட்டு, நன்றாகப் பிடித்த பிறகு லேசாக இழுத்து போஸ்டின் உச்சியில் ஒட்டு. ரொம்ப இழுத்தால் போஸ்ட் பின்னால் சாயும். இன்சுலேட்டருக்கு வெள்ளை கம்மை ஊசி முனையில் எடுத்து நூலில் ஒரு சின்ன மணி மாதிரி வை, காய்ந்ததும் மங்கிய பழுப்பு.

மூடியில் எஃப்என் என்ற ரஷ்ய எழுத்து வைர வடிவச் சின்னத்துக்குள் வரும். உன் டெக்கால் தாளில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். சின்னதுதான், ஆனால் டெக்காலை இளக்கும் சாஃப்டர் போட்டுத் தகட்டின் வளைவில் நன்றாக உட்கார வை. அப்புறம் ஸ்பின்னரின் (ப்ரொப்பெல்லர் நடுவில் வரும் கூம்பு) நுனியில் பல் வைத்த சின்னக் கொக்கி தெரிகிறதா பார். ட்ரக்கில் பொருத்திய நீளத் தண்டை அதில் மாட்டி இன்ஜினைச் சுற்றிவிடுவார்கள். அச்சு ஒட்டுக் கோடு அதன் மேலேயே ஓடும், தேய்க்கும்போது பல்லையும் சேர்த்துத் தேய்த்துவிடாதே.

பெரம்பூர் கார்த்திக்:

கொக்கியை இப்போதுதான் கவனித்தேன் அண்ணா, இருக்கிறது. நல்லவேளை, உப்புத்தாளைக் கையில் எடுத்திருந்தேன்.

அந்த ட்ரக் எது? பக்கத்தில் வைக்க முடிந்தால் அழகாக இருக்குமே.

வானதி:

காஸ்-ஏஏ ஒன்றரை டன் ட்ரக். ஓட்டுநர் கேபினுக்கு மேலே நீண்டு வரும் ஒரு தண்டு, அதைத் தாங்கப் பின்னால் ஒரு சட்டம். 1/48-இல் காஸ்-ஏஏ கிட் கிடைத்தால் சட்டத்தைப் பித்தளைக் கம்பியில் நீங்களே செய்யலாம். தண்டு சரியாக ஸ்பின்னர் நுனியின் உயரத்துக்கு வர வேண்டும். அதனால் விமானத்தைச் சக்கரத்தில் நிறுத்தி, டயரின் அடியை லேசாகத் தட்டையாக்கிய பிறகு அந்த உயரத்தை அளந்துகொண்டு சட்டத்தை வளையுங்கள். முன்னாலேயே வளைத்துவிட்டால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட நேராகக் கண்ணில் படும். ட்ரக் வைக்கப் போகிறீர்கள் என்றால் மூடியையும் திறந்து 28 வயரையும் காட்டிவிடுங்கள். அந்தப் படத்தை நான் பார்க்க வேண்டும்.